திருக்கல்யாணப் படத்துக்குப் பின்னால்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு தெருவில் இது நடந்தது. அன்று காலை ஒன்பதரை மணிக்கு நான் இன்னொருவர் வீட்டுச் சுவரில் என் ஆள்காட்டி விரலைச் செருகிக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்தேன். விரல் அங்கே போன கதையைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகர். கட்டடக் கலை, நீரியல், மண்ணியல் என்று மனிதன் வீடு கட்டுவதற்காகக் கண்டுபிடித்த அத்தனை சாத்திரங்களுக்கும் நடுவே இருபத்தாறு வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் புத்தகங்களுக்கு எண் போடத் தெரியும், அடுக்கத் தெரியும், முதுகு பிய்ந்தால் ஒட்டத் தெரியும். முன்னுரைகளைப் படித்திருக்கிறேன். முன்னுரை படித்தவனுக்கு வரும் தைரியம் முழுப் புத்தகம் படித்தவனுக்கு வராது என்பது என் சொந்த அனுபவம்.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கல்யாணமானதிலிருந்து ஆறு வாடகை வீடுகள். ஆறு சொந்தக்காரர்களும் ஆறு விதம். ஆனால் ஒரே ஒரு சட்டத்தில் மட்டும் ஆறு பேரும் ஒன்று: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதனால் எங்கள் கல்யாணப் போட்டோ இருபத்து நாலு வருடங்களாகப் பீரோவின் தலையில் சாய்ந்தேதான் நின்றது. மின்விசிறியை வேகமாக வைத்தால் நானும் என் மனைவியும் மாலையும் கழுத்துமாகக் குப்புற விழுவோம். நிமிர்த்தி வைப்பது ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் ஒன்று.

ஆறாவது வீட்டுக்காரர், தன் மகனுக்குத் தை மாதம் கல்யாணம், வீடு வேண்டும் என்று சொன்ன அன்று மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள்.

"எனக்கு மாடி வேணாம், மார்பிள் வேணாம். நெனச்ச எடத்துல ஒரு ஆணி அடிக்கணும். அம்புட்டுதேன். அதுக்கு ஒரு வீடு பாருங்க."

இப்படித்தான் ஒரு ஆணிக்காக வீடு தேட ஆரம்பித்தோம். நாலைந்து மாதம் அலைந்து கிடைத்தது அந்தத் தெப்பக்குளத்து வீடு. பதினைந்து வருடத்துக் கட்டடம். இரண்டு படுக்கையறை, வாசலில் ஒரு வேப்பமரம், மாடியில் நின்றால் தூரத்தில் மைய மண்டபத்தின் உச்சி. நகரத்தை விட்டுத் தள்ளி இருக்கிறதே என்று நான் இழுத்தபோது, "அழகரே வருசம் தவறாம வண்டியூருக்கு வாராரு. ஒங்களுக்கு என்ன?" என்று மனைவி கேட்டாள்.

அந்த வீட்டுக்காரர் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்கப்போகிறார். அதிர்ந்து பேசாத மனிதர். எப்போது போனாலும் அவருடைய மனைவி காபியோடுதான் வருவார்.

மதுரையில் ஒரு வீட்டை வாங்குவதற்கு முன் என்னென்ன பார்ப்பார்களோ அத்தனையும் பார்த்தோம். வக்கீல் மூலப் பத்திரம் முதல் வில்லங்கச் சான்று வரை பார்த்தார். மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, வாஸ்து பார்க்கிறவர் ஒருவரை அழைத்து வந்தான். அவர் திசைகாட்டியோடு ஒவ்வொரு மூலையிலும் நின்று, அடுப்பு சரி, தலைவாசல் சரி, கிணறு இல்லாததே சரி என்றார். மனைவி ஒரு தூக்குவாளியில் அந்த வீட்டுப் போர்த் தண்ணீரைப் பிடித்து வந்து டீ போட்டாள், பால் திரியவில்லை. பருப்பு வேக வைத்தாள், வெந்தது. பெரியம்மா வீட்டிலிருந்து ஏழு பேர் ஒரு வேனில் வந்து பார்த்துவிட்டு, காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிப் போனார்கள். சாதகம் பார்த்து, வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் முன்பணம் கொடுத்துவிடுவது என்று முடிவானது.

கட்டடத்தை யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. நான் பார்த்தேன்.

'முதன்முறையாக வீடு வாங்குபவர் சோதிக்க வேண்டிய அறுபத்திரண்டு அம்சங்கள்' என்று ஒரு பட்டியல் இணையத்தில் கிடைத்தது. அழகாக அச்செடுத்து, அட்டையில் கிளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பட்டியல் எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று நான் பார்க்கவில்லை. பதிப்பு விவரம் பார்க்காமல் ஒரு புத்தகத்தையும் அலமாரியில் ஏற்றாதே என்று உதவியாளர்களைத் திட்டுகிறவன் நான்.

"சார், கூரையில பனி சேந்தா பாரம் தாங்குமா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

வீட்டுக்காரர் மேலே ஒரு முறை பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் தாங்கிருக்கு சார்" என்றார்.

"புகைபோக்கியில பறவை ஏதும் கூடு…"

"எக்ஸாஸ்ட் பேன்ல ஒருதடவ குருவி கட்டுச்சு. நாங்க கலைக்கல சார்."

வீட்டைச் சூடாக்கும் உலை வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு அவர் என்னை மேற்குப் பார்த்த அறைக்கு அழைத்துப் போய், "சித்திர மாசம் மத்தியானம் இங்கிட்டு வந்து நின்னு பாருங்க" என்றார். அதற்கும் ஒரு டிக் போட்டேன். கடைசியில் அறுபத்திரண்டுக்கு ஐம்பத்தேழு. முதல் வகுப்பு.

ஹாலில் ஒரு பெரிய மீனாட்சி திருக்கல்யாணப் படம் மாட்டியிருந்தது. பெருமாள் தாரை வார்க்க, சொக்கர் கைப்பிடிக்க, நடுவே நாணிக் குனிந்த மீனாட்சி. மூன்றடி உயரச் சட்டம், பொன் வர்ணம். வந்தவர்கள் அத்தனை பேரும் அதன் முன் நின்று கும்பிட்டார்கள். வக்கீல் கும்பிட்டார். வாஸ்துக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேனில் வந்த ஏழு பேரும் கும்பிட்டார்கள். மனைவி கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். நான் பட்டியலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டேன்.

முன்பணம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, நூலகத்தில் என் பரிசோதனைப் பராக்கிரமத்தை உதவியாளர்களிடம் விவரித்துக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளே வந்தாள் ஒரு பழைய மாணவி. கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பெண், கட்டடப் பொறியியல் படித்தவள். படித்து முடித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். பழைய கட்டடங்களைப் பார்த்து என்ன கோளாறு என்று சொல்வதுதான் இப்போது தொழில் என்றாள். எனக்கு அவளை நன்றாக ஞாபகம் இருந்தது. அவளுக்கு என்னை இன்னும் நன்றாக ஞாபகம் இருந்தது. ஏனென்றால் கடைசி வருடம் அவளுக்கு நூலகப் பாக்கி இல்லை என்று கையெழுத்துப் போட, மூன்று நாள் அலைய வைத்தவன் நான். அவள் திருப்பிக் கொடுத்த ஒரு தடிப் புத்தகத்தை ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்து, நடுவில் ஒரு பக்கத்தில் டீக்கறை கண்டுபிடித்திருந்தேன்.

என் கதையைப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சார், அந்த வீட்டுல தண்ணி எங்கிட்டு இருந்து வருது, எந்தச் சுவரு வழியா எறங்குது, எங்கிட்டுப் போயி வெளிய விழுகுது?"

என் பட்டியலில் அது இல்லை.

"புத்தகத்த ஒவ்வொரு பக்கமா தூக்கித் தூக்கிப் பாப்பீங்களே சார்! வீட்ட மட்டும் அட்டையப் பாத்துட்டு வாங்குறீங்க?"

உதவியாளர்கள் இருவரும் திடீரென்று அலமாரிகளுக்குப் பின்னால் வேலை இருப்பதாகக் கண்டுபிடித்துப் போய்விட்டார்கள். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நூலகத்தில் அமைதி காக்கவும் என்று எழுதி வைத்ததே நான்தான்.

"காலைல எட்டு மணிக்கு நான் வாரேன் சார். ஒரு ரெண்டு மணி நேரம் குடுங்க. ராகுகாலத்துக்குள்ள முடிச்சிருவோம்" என்றாள்.

மறுநாள் நானும் மனைவியும் மச்சினனும் போனபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து அவள் எடுத்த கருவிகளைப் பார்த்து எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது: ஒரு டார்ச், ஒரு ரூபாய் நாணயம், ஒரு டெஸ்டர், ஒரு கோலிக்குண்டு.

"மச்சான், கோலி வெளாடவா வந்திருக்காங்க?" என்று மச்சினன் என் காதில் கிசுகிசுத்தான்.

அவள் கோலிக்குண்டைக் குளியலறைத் தரையில் விட்டாள். அது உருண்டு உருண்டு தண்ணீர் போகும் துளையின் பக்கம் போய் நின்றது. "வாட்டம் சரியா இருக்கு" என்றாள். நாணயத்தால் தரை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். சமையலறையில் இரண்டு ஓடுகள் மட்டும் காலி டப்பா மாதிரிச் சத்தம் போட்டன. "இது ரெண்டும் பேந்து வரும். பெரிய விசயம் இல்ல." வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து, அப்போது கழிவறையில் தண்ணீர் வேகமாக இறங்குகிறதா என்று பார்த்தாள். வாசலில் எந்தக் கல்லுக்கு அடியில் கழிவுத் தொட்டி இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, அதன் மேல் நின்றும் பார்த்தாள். மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு குழாயும் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

இதற்கிடையில் நானும் சும்மா இருக்கவில்லை. ஜன்னல் மூலையில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்துவிட்டேன். அவளைக் கூப்பிட்டேன். "கட்டடம் எறங்குதோ?"

அவள் டார்ச் அடித்துப் பார்த்து, "தலமுடி மாதிரி இருக்கு சார். இது பூச்சுல வந்த விரிசல். ஒங்களுக்கும் எனக்கும் வயசானா முகத்துல வாரதுதான். விரல் நுழையுற மாதிரி இருந்தா மட்டும் பயப்படுங்க" என்றாள்.

விரல் நுழைவதைப் பற்றி அவள் சொன்னது அப்போது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

ஒன்பதே கால் மணிக்கு ஹாலுக்கு வந்தாள். திருக்கல்யாணப் படத்தின் முன் நின்று அவளும் கும்பிட்டாள். நாங்களும் கூடவே இன்னொரு முறை கும்பிட்டோம். ஆனால் கும்பிட்டு முடித்த பிறகும் அவள் நகரவில்லை. தலையைச் சாய்த்துப் படத்தின் அடிச்சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பூசையறை உள்ளுக்க இருக்கு. இந்தப் படம் மட்டும் ஏன் ஹால்ல இருக்கு? அதுவும் இம்புட்டுத் தாழ்வா? சாமி படம் கண்ணுக்கு மேலதான மாட்டுவோம்? இது இடுப்பு ஒசரத்துலயே ஆரம்பிக்குதே?"

வீட்டுக்காரரின் மனைவி கணவரைப் பார்த்தார். வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்தார். "சாமியப் போயி எதுக்கும்மா தொந்தரவு பண்ணிக்கிட்டு…" என்று மெல்லச் சொன்னார்.

அவள் இரண்டு கையையும் இன்னொரு முறை கூப்பி, "தாயே, ஒரு நிமிசம் மன்னிச்சுக்க" என்று சொல்லி, மச்சினனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, படத்தைத் தூக்கி இறக்கினாள்.

பின்னால் ஒரு வரைபடம் இருந்தது. அப்படித்தான் முதலில் நினைத்தேன். சுவரில் தாம்பாளம் அகலத்துக்கு இரண்டு மடங்கு ஈரம். ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்து, நடுவில் பூச்சு உப்பி, பழுப்பும் பச்சையுமாக ஏதோ ஒரு கண்டம். அதன் மையத்தில் படம் தொங்கிய ஆணி. துருப்பிடித்து, கொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு.

அந்தச் சுவரின் முன் அதுவரை நின்று கும்பிட்டவர்களை எண்ணிப் பார்த்தேன். வேனோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. சாமி படத்தை யார் தூக்கிப் பார்ப்பார்கள்?

"சார், இந்தச் சுவத்துக்குள்ள குழா போகுதா?" என்று அவள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். திரும்பும்போதே என்னிடம், "ஆணியத் தொட்டுறாதீங்க சார்" என்றாள்.

நான் ஏன் தொட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஏமாந்துவிட்டோம் என்ற கோபம் கொஞ்சம், நானும் ஏதாவது செய்கிறேன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை கொஞ்சம். இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டினேன். அது ஆடுகிற பல் மாதிரி கையோடு வந்துவிட்டது.

அதற்குப் பின்னாலேயே தண்ணீரும் வந்தது. பென்சில் கனத்துக்கு, நேராக, என் மூக்குக் கண்ணாடிக்கு. மார்கழிக் குளிரில் வைகையில் முழுகினால் கூட அப்படி முழுசாக நனைந்திருக்க மாட்டேன். அறுபத்திரண்டு அம்சங்களும் மை கரைந்து என் சட்டையில் ஊதாவாக இறங்கின.

"விரல வைங்க சார்! விரல வைங்க!" என்று அவள் கத்தினாள். வைத்தேன். நின்றது. அவள் மச்சினனைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, மாடில தொட்டிக்குக் கீழ கேட் வால்வு இருக்கு. ஓடுங்க!" என்றாள். அவன் ஓடினான். சற்று நேரத்தில் மேலேயிருந்து குரல் வந்தது.

"மச்சான்! மூணு இருக்கு!"

"எல்லாத்தையும் அடை மாப்ள!"

"ஒண்ணும் திரும்ப மாட்டேங்குது மச்சான்! துருப்பிடிச்சுக் கெடக்கு!"

அவள் வீட்டுக்காரரிடம் ஒரு ஸ்பானரை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். கீழே நாங்கள் நாலு பேர்: சுவரில் விரலோடு நான், ஈரத்தில் நிற்கும் என் மனைவி, தலை குனிந்த வீட்டுக்காரர், கையில் துண்டோடு அவருடைய மனைவி.

எனக்குக் கோபம் வந்தது. சுவரில் விரலை வைத்துக்கொண்டு கோபப்படுவது கஷ்டம். நீட்டி முழக்க ஒரு கைதான் மிச்சம். ஆனாலும் விடவில்லை. "என்னா சார் இது? ஒங்களப் போயி நல்லவருன்னு நெனச்சோம். சாமி படத்த வச்சு மறைச்சிருக்கீங்களே? நாங்க சேத்து வச்ச அம்புட்டையும் கொண்டாந்து இந்தச் சுவத்துல போடவா? நம்பிக்கைன்னு ஒண்ணு வேணாமா? நேர்மைன்னு ஒண்ணு…"

வீட்டுக்காரருக்குக் கண் கலங்கியிருந்தது. அதற்குள் என் மனைவியின் குரல், வெகு சாதாரணமாக, காய்கறி விலை விசாரிக்கிற தொனியில், பின்னாலிருந்து வந்தது.

"நம்ம ஸ்கூட்டர வித்தப்ப, முன்னால தகரத்துல இருந்த ஓட்டைக்கு மேல பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டுனது யாருங்க?"

உள்ளங்கை அகலப் பிள்ளையார். அதை வெட்டி, ஓட்டைக்குச் சரியாக அளவெடுத்து ஒட்டி, வாங்க வந்தவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவனும் நானேதான்.

முதலில் வீட்டுக்காரரின் மனைவிதான் சிரித்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "நீங்க பரவால்ல சார், ஸ்டிக்கரோட நிறுத்திட்டீங்க. இவரு மொதல்ல இங்க ஒரு காலண்டரத்தேன் மாட்டுனாரு. மறு வருசம் ஈரம் காலண்டருக்கு வெளிய வந்துருச்சு. முருகன் படம் வாங்கியாந்தாரு. அதும் பத்தல. பெறகுதேன் இந்தத் திருக்கல்யாணம். இதுவும் பத்தலைன்னா மதுரக் கோயிலயே பேத்துக் கொண்டாந்து வைக்கணும்னு நாந்தேன் சொன்னேன்."

வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பொய் சொல்லணும்னு இல்ல சார்" என்றார். "ஒருத்தரு வந்து பாத்துட்டு, சுவத்த முழுசா ஒடைக்கணும், கட்டடமே ஊறிப்போச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஆசையாக் கட்டுன வீடு. பாக்கப் பிடிக்காமத்தேன் மறைச்சேன். அஞ்சு வருசமா இந்தப் பக்கம் நான் திரும்பிக் கூடப் பாக்குறதில்ல."

கடைசியில், முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு, மேலே எதுவோ கிறீச்சிட்டது. என் விரலில் அழுத்தம் குறைந்தது. அவள் கீழே வந்தாள், கையெல்லாம் துரு. என் விரலை மெல்ல எடுக்கச் சொல்லி, ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த ஆணியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

"சார், இந்த ஆணிய அடிக்கிறதுக்கு முன்னாடி இங்க ஈரம் இருந்துச்சா?"

அவர் யோசித்தார். அவருடைய மனைவி யோசித்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இல்லையேம்மா."

"அந்த ஆணிதான் சார். மாடித் தொட்டியிலருந்து அடுப்படிக்குப் போற குழாயில நேரா எறங்கிருச்சு. ஓட்டையும் போட்டு, அதுவே அடப்பாவும் நின்னுருக்கு. சொட்டுச் சொட்டா இத்தன வருசமும் கசிஞ்சிருக்கு. கட்டடத்துக்கு ஒண்ணும் இல்ல. ஒரு அடி குழா மாத்தி, ரெண்டு வாரம் காய விட்டுப் பூசுனா முடிஞ்சது."

வீட்டுக்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு ஆணியா?" என்றார். பிறகு இன்னும் ஒரு முறை, "ஒரு ஆணிக்கா?" என்றார். சுவரை, அஞ்சு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நேராகப் பார்த்தார். அப்புறம் தன் மனைவியைப் பார்த்து, "அப்ப வீடு நல்லாத்தேன் இருக்கு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் என் மனைவியின் முகம் மாறியதைப் பார்த்தேன். இவ்வளவு நேரமும் ஓட்டை வீட்டை வாங்கிவிடுவோமோ என்று பயந்தோம். இப்போது வீடு நல்லதென்று தெரிந்து, அவர் விற்க மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். முன்பணம் இன்னும் மச்சினன் பைக்குள்தான் இருந்தது. நேர்மையைப் பற்றி அன்றைக்குப் பேச எனக்கு இருந்த ஒதுக்கீடு தீர்ந்துபோயிருந்தது.

வீட்டுக்காரரின் மனைவிதான் பேசினார். "நல்லாத்தேன் இருக்கு. நல்ல வீட்டத்தேன் குடுத்துட்டுப் போறோம்னு சந்தோசமாப் போவோம். மக தனியாக் கெடந்து கஷ்டப்படுறா. நீங்க இங்கயே இருந்து ஆணி புடுங்கப் போறீங்களா?" என்று சொல்லிவிட்டு, என் மனைவியின் கையைப் பிடித்து, "ஈரத்துல நிக்காத தாயி, இங்கிட்டு வா. காபி போடுறேன்" என்றார்.

"தண்ணிய அடச்சிருக்கோம்மா" என்றான் மச்சினன்.

"பானையில இருக்கு தம்பி. குழா இல்லாத காலத்துலயும் காபி குடிச்சவங்கதேன் நாங்க."

மணி பார்த்தோம். பத்து நாற்பது. ராகுகாலம் பிறந்துவிட்டது. மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். வேறு வழியில்லாமல் பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்தோம். இரண்டு காபி, ஒரு தட்டு முறுக்கு, காய்ந்துகொண்டிருக்கும் என் சட்டை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அந்த வீட்டைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அறுபத்திரண்டு கேள்விகளில் தெரிந்துகொண்டதை விட அதிகம். மழை பெருசாகப் பெய்தால் வாசலில் எந்தப் படி வரை தண்ணீர் வரும், எந்த ஜன்னலை மாசியில் திறந்து வைக்க வேண்டும், எந்த சுவிட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியாது என்று வீட்டுக்காரரே ஒவ்வொன்றாகக் காட்டினார். மறைக்க ஒன்றும் இல்லை என்றானதும் மனிதர் பத்து வயது குறைந்துவிட்டார்.

அந்தப் பொறியாளப் பெண் அவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு, கடைசியில் மூன்று தலைப்பில் எழுதிக் கொடுத்தாள்: உடனே செய்ய வேண்டியவை, பிறகு செய்யலாம், பயப்பட வேண்டாம். முதல் தலைப்பில் இரண்டே வரிகள். குழாய், வால்வு. என் ஜன்னல் விரிசல் மூன்றாவதில் இருந்தது. "வீட்டச் சோதிக்கிறது வாங்க வேணாம்னு சொல்றதுக்கு இல்ல சார். எதத் தெரிஞ்சு வாங்குறோம்னு பாக்கத்தான்" என்றாள். எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். தன் வழக்கமான கட்டணத்தைச் சொன்னாள். பிறகு, "அந்த டீக்கறை என்னோடது இல்ல சார். எனக்கு முன்னாடி எடுத்தவங்களது" என்றாள். பத்து வருடம் கழித்து வந்த தீர்ப்பு. ஒப்புக்கொண்டேன்.

பன்னிரண்டேகாலுக்கு, திருக்கல்யாணப் படத்தைச் சோபாவில் உட்கார வைத்து, அதன் முன்னால் முன்பணம் கைமாறியது. குழாயை வீட்டுக்காரர் தன் செலவிலேயே மாற்றிக் கொடுத்தார். பூசுவதற்கு முன் அந்தப் பெண் வந்து, சுவருக்குள் எந்தெந்தக் குழாய் எங்கெங்கே போகிறது என்று அளந்து, ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தாள். ஐப்பசியில் பத்திரம் முடிந்து, கார்த்திகையில் பால் காய்ச்சினோம். வீட்டுக்காரரும் மனைவியும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். படத்தை எடுத்துப்போகச் சொன்னேன். "அவங்க கல்யாணத்த அங்கிட்டும் இங்கிட்டும் தூக்கிட்டு அலையணுமா? இங்கயே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டார் அவர்.

அன்று சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, என் மனைவி சுத்தியலை எடுத்தாள். குழாய்ப் படத்தை விரித்து வைத்து, இரண்டு முறை அளந்து, அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு ஒரு முறை கேட்டுக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஆணியை வைத்தாள். இருபத்து நாலு வருடத்து வேகம் அந்தக் கையில் இருந்தது. ஒரே அடி. உள்ளங்கை அளவுக்குப் பூச்சு பேர்ந்து என் காலில் விழுந்தது.

இரண்டாவது ஆணி அதற்குக் கொஞ்சம் மேலே, ஒழுங்காக இறங்கியது. எங்கள் கல்யாணப் போட்டோ கடைசியில் சாயாமல், நேராக, சுவரில் ஏறியது. அந்த உள்ளங்கைப் பள்ளத்துக்கு மேலேயே சரியாக மாட்டிவிட்டோம். யாருக்கும் தெரியாது.

இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்கள் திருக்கல்யாணத்தைக் கும்பிடுகிறார்கள். நான் அவர்களை விடுவதில்லை. படத்தைத் தூக்கி, பின்னால் ஒட்டி வைத்திருக்கும் குழாய்ப் படத்தைக் காட்டி, கதையை முழுசாகச் சொல்லித்தான் அனுப்புகிறேன். எதிர்ச் சுவர்ப் போட்டோவை இதுவரை யாரும் தூக்கிப் பார்த்ததில்லை. தூக்கினால் அந்தப் பள்ளத்தின் கதையையும் சொல்லிவிடுவேன். எந்தப் படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகும் சிரித்துக்கொண்டே குடியிருக்க முடிந்தால்தான் ஒரு வீடு சொந்த வீடாகிறது என்பதை, சுவருக்குள் நுழைந்த என் ஆள்காட்டி விரல் எனக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டுவிட்டது.